பிரேக் மாமாவின் ‘பொறு’

காற்று இருந்த நாளில் தண்ணீர் சரியில்லை. தண்ணீர் சரியாக இருந்த நாளில் காற்று ஊரிலேயே இல்லை. இரண்டும் சேர்ந்து வந்த ஒரே ஒரு நாளில் அளவுக்காரருக்குப் பல்வலி வந்து, வீங்கிய கன்னத்தோடு பல் டாக்டர் வாசலில் போய் உட்கார்ந்திருந்தார். அவர் பார்க்காமல் ஓடினால் ஓடியதாகவே கணக்கில்லை. மறுநாள் கன்னமும் வற்றியது, காற்றும் வற்றியது.

இத்தனைக்கும் ஓட வேண்டிய தூரம் ஐந்நூறு மீட்டர்தான். தெருமுனைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிற தூரம். அந்தத் தூரத்தைப் பாய்மரப் படகில், அதே வகைப் படகு உலகத்தில் எங்கேயும் இதுவரை ஓடாத வேகத்தில் ஓடிக் காட்ட வேண்டும். அதற்காக நாலு பேர் வேலைவெட்டியை விட்டுவிட்டு, ஒரு காலத்தில் ஐஸ் கட்டி அடுக்கி வைத்திருந்த கொட்டகையில் வாரக்கணக்கில் குடியிருந்தார்கள். கொட்டகையின் நல்ல பாதி படகுக்கு. மீதிப் பாதியில் மடக்குக் கட்டில்கள், ஒரு அடுப்பு, குறுக்கே ஒரு கொடி. கொடியில் தொங்கிய ரப்பர் உடைகள் எந்நேரமும் சொட்டிக்கொண்டிருக்கும். டீயில் கடல் உப்பும் படகுப் பசையின் வாடையும் கலந்து, கடைசியில் டீ என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

படகை ஓட்டுகிறவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். ‘மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க’ என்று நாள் முழுக்க மற்றவர்களை அசையாமல் நிறுத்துகிற வேலை. அந்த எரிச்சலோ என்னவோ, லீவு கிடைத்தால் அவளுக்குத் தண்ணீரில் பறந்தாக வேண்டும். படகைக் கட்டியவன் அவளுடைய தம்பி, தச்சன். கை ஓய்ந்தாலும் அவனுக்கு வாய் ஓயாது. அளவுக்காரர் வெளியூர், வேகத்தைப் பதிவு செய்கிற சங்கம் அனுப்பி வைத்தவர். முத்திரை வைத்த கருவியைத் தன் கையாலேயே படகில் பொருத்திவிட்டு, கரையில் மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டு, தூரக்கண்ணாடியில் பார்ப்பது அவர் வேலை. கொண்டுவந்த ஒரே துப்பறியும் நாவலைப் படித்து முடித்துவிட்டு, கொலைகாரன் யாரென்று தெரிந்தே மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார். பாவம், நல்ல மனிதர்.

நாலாவது ஆள் அவளுடைய கணவர். கார் ஓட்டச் சொல்லித்தரும் வாத்தியார். கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து சீட்டில், தன் காலடியிலும் ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவர். மிதித்து மிதித்து வலது கால் அவரைக் கேட்காமலே மிதிக்கப் பழகிவிட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிப்பார். டி.வி.யில் கார் வேகமாகப் போனாலும் மிதிப்பார். அவருக்கு மச்சானான அந்தத் தம்பிதான் முதலில் ‘பிரேக் மாமா’ என்றான். பேர் ஒட்டிக்கொண்டது. பெண்டாட்டிக்கு உலகத்திலேயே வேகமாகப் போக ஆசை, புருஷன் காலடியில் பிரேக். எவர் முடித்து வைத்த ஜோடியோ, அவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

படகைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதற்கு ஒரு பக்கம்தான் தெரியும். காற்று வலப்புறமிருந்து வந்தால் பறக்கும். இடப்புறமிருந்து வந்தால் குப்புற விழும். வேகத்துக்காக மச்சான் அப்படிக் கட்டியிருந்தான். அதாவது போகத் தெரியும், திரும்பி வரத் தெரியாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மாமா இயந்திரம் வைத்த ரப்பர் படகில் போய், அதைத் தன் படகின் விலாவோடு சேர்த்துக் கட்டி, ஆடி அசைந்து தொடக்கத்துக்கு இழுத்து வர வேண்டும்.

“அவ போன தூரமெல்லாம் நானும்தான் போயிருக்கேன். என்ன, என்னை யாரும் அளக்கல” என்பார்.

ஓடுகிற இடம் நீளமான ஒரு மணல்திட்டின் உள்பக்கம். திட்டுக்கு அந்தப் பக்கம் திறந்த கடல், இந்தப் பக்கம் விரிகுடா. கடல் வற்றித் திட்டு முழுசாக வெளியே வந்துவிட்டால் காற்று மட்டும் அதைத் தாண்டி வரும், அலை வராது. உள்ளே தண்ணீர் இஸ்திரி போட்ட துணி மாதிரிக் கிடக்கும். பெருக்கு ஏறும்போது திட்டு முங்கி, அலையும் கூடவே உள்ளே வந்துவிடும். அந்த வேகத்தில் போகிற படகுக்கு முழங்கால் உயர அலை ஒன்று போதும்.

போன வருஷம் அந்த ஒன்றுதான் வந்தது. அவள் ஹெல்மெட்டுக்குள்ளும் கரையிலும் ஒவ்வொரு ரேடியோ உண்டு; ‘போ’ சொல்கிற ரேடியோ அப்போது மச்சான் கையில் இருந்தது. “போ அக்கா, போ!” என்று கத்தினான். அவள் பாதி தூரம் போயிருப்பாள், திட்டின் ஒரு பள்ளம் வழியாக ஒரே ஓர் அலை உள்ளே வழிந்தது. படகு மூக்கைக் குத்திக் குட்டிக்கரணம் போட்டது. அவளுக்குத் தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்தது. அவள் வேலை பார்க்கிற அறையிலேயே அவளை நிறுத்திப் படம் எடுத்தார்கள்; படத்தை வெளிச்சத்தில் பிடித்து, டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னால் முறிவு எங்கே என்று அவளே காட்டினாள். வீடு திரும்பியதும் கணவரிடம் சொன்னாள்: “இனிமே ரேடியோ உங்க கையில. நான் கீழ உக்காந்திருக்கேன், எனக்குத் திட்டுக்கு அந்தப் பக்கம் தெரியாது. நீங்க போன்னா போறேன். பொறுன்னா பொறுக்கறேன்.”

அவர் மறுத்துப் பார்த்தார். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அன்றிலிருந்து அவர் வாயில் ‘பொறு’தான்.

இப்போது கடைசி நாள் வந்துவிட்டது. மறுநாள் காலை பஸ்ஸில் அளவுக்காரர் கிளம்புகிறார். அவள் லீவும் முடிகிறது. காலையில் டீ குடிக்கும்போது, துணி மடிப்பதைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சாதாரணமாக அவள் சொன்னாள்: “இன்னிக்கும் இல்லேன்னா ஹெல்மெட்டைக் கழட்டி ஆணியில மாட்டிடறேன். எத்தனை வருஷம்தான் எல்லாரையும் இப்படிக் கட்டி இழுக்கறது?”

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். பிரேக் மாமாவுக்கு மனசின் ஒரு மூலையில் ‘அப்பாடா’ என்றிருந்தது. அடுத்த நொடியே அதற்காக வெட்கமாகவும் இருந்தது. டீயை மடக்மடக்கென்று குடித்து இரண்டையும் உள்ளே தள்ளினார்.

காற்று அன்றைக்கு விடியும்போதே வந்துவிட்டது. கொட்டகையின் தகரக் கதவு அடித்துக்கொண்ட சத்தத்திலேயே எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பலமான கடல்காற்று, விட்டுவிட்டு வீசாமல் ஒரே சீராக. ஆனால் தண்ணீர் திட்டுக்கு மேலே கிடந்தது. பரவாயில்லை, மதியத்துக்குமேல் இறங்கிவிடும் என்றது சுவரில் ஒட்டியிருந்த கடல் அட்டவணை. மச்சானும் அளவுக்காரரும் ஓட்டம் முடிகிற பக்கம் கரையில் போய் உட்கார்ந்தார்கள். மாமா படகைக் கட்டி இழுத்துக்கொண்டு தொடக்க மிதவைக்குப் போய் நங்கூரம் போட்டார். பிறகு காத்திருந்தார்கள்.

அட்டவணை சொன்ன நேரம் வந்தது, போனது. தண்ணீர் இறங்குகிற வழியாகத் தெரியவில்லை. கடலிலிருந்து வீசுகிற காற்றே தண்ணீரை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தது. எந்தக் காற்றுக்காக வாரக்கணக்கில் தவம் கிடந்தார்களோ, அதே காற்று இப்போது வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு தண்ணீரை வெளியே விடமாட்டேன் என்றது. இதைவிடக் கழுத்தறுப்பு உண்டா?

“மாமா, என்ன மாமா ஆச்சு?” ரேடியோவில் மச்சான்.

“இன்னும் முங்கித்தான் இருக்கு. பொறு.”

“நான் பொறுத்துக்கறேன் மாமா. காத்து பொறுக்குமா?”

“அதை நீயே கேட்டுச் சொல்லு.”

அவள் படகின் ஓரத்துக் குழியில் கால் நீட்டி உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அவருக்கும் ஒன்று நீட்டினாள். நனைந்த பிஸ்கட். தின்றார். வேறென்ன செய்ய?

வெயில் சாயத் தொடங்கியபோது காற்று ஒரு கணம் தளர்ந்தது. அந்தத் தளர்ச்சியே போதுமாயிருந்தது. அடைபட்ட தண்ணீர் கடகடவென்று வெளியே ஓட ஆரம்பித்தது. முதலில் திட்டின் நடுமுதுகு தெரிந்தது. பிறகு இரண்டு முனைகளும் தெரிந்தன. மணல் ஈரமாகப் பளபளத்தது. தளர்ந்த காற்று மறுபடி பலம் பிடித்தது. காலையில் வீசியதைவிடப் பலம்.

மாமா ரப்பர் படகின் பலகை மேல் ஏறி நின்று பார்த்தார். திட்டுக்கு அப்பால் அலைகள் மணலில் மோதி அங்கேயே செத்தன. போன வருஷத்துப் பள்ளம் இருந்த இடத்தைத் தேடினார். அங்கேயும் மணல். உள்ளே தண்ணீரில் சுருக்கம் இல்லை. அவள் ஹெல்மெட்டை மாட்டியாகிவிட்டது. பாயின் கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் சரியாக இருந்தது. எந்தக் குறையும் சொல்ல முடியாத அளவுக்குச் சரியாக இருந்தது. போன வருஷம் ஹெல்மெட் தண்ணீரில் அடித்த சத்தம் காதில் கேட்டது. அந்தச் சத்தத்துக்கும் அவள் தலை மேலே வந்ததற்கும் நடுவில் தான் ஒரு கிழவனாகிப்போனது ஞாபகம் வந்தது. வலது கால் ரப்பர் படகின் பலகையை அழுத்தியது.

“பொறு” என்றார்.

“மாமா!” மச்சான் ரேடியோவைத் தின்றுவிடுகிற மாதிரிக் கத்தினான். “என்ன தெரியுது அங்க? எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே!”

“பொறுடா. அலை தெரியுது.”

பச்சைப் பொய். ஓர் அலையும் இல்லை. அவள் பாயின் கயிற்றைத் தளர்த்திவிட்டுக் காத்திருந்தாள். அந்தப் பலமான காற்று அவர்கள் தலைக்கு மேலே சும்மாவே கடந்து போனது. அந்த நாளின் ஆகச் சிறந்த காற்று. அதை அவர் கண்ணெதிரே கைநழுவ விட்டார். போனபிறகு, கிணற்றில் எதையோ போட்டுவிட்டு எட்டிப் பார்க்கிறவரைப் போலத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த காற்று அதைவிட ஒரு படி குறைவு. வெட்கம் பிடித்துத் தள்ள, இந்தத் தடவை அவர் யோசிக்கவில்லை.

“போ!”

கட்டை அவிழ்த்ததும் படகு முதலில் தயங்கியது. பிறகு பாய் விறைத்தது, உடல் தண்ணீரைவிட்டு எழும்பியது, அவ்வளவுதான், அவள் போய்விட்டாள். சத்தம்கூட அவள் போன பிறகுதான் வந்தது. மிதவை, நடு மிதவை, முடிவு மிதவை. மாமா மூச்சை இழுத்துப் பிடித்தவர் விடவே இல்லை. மறுமுனையில் பாய் தளர்ந்து படகு உட்கார்ந்ததும்தான் விட்டார்.

ரேடியோவில் அளவுக்காரரின் குரல், வருத்தத்தோடு: “ரொம்ப நல்ல ஓட்டம். ஆனா தாண்டல. நூலிழைதான் குறையுது.”

மச்சான் ரேடியோவைப் பிடுங்கியிருக்க வேண்டும். “முதல்ல வந்த காத்துல போயிருந்தா தாண்டியிருக்கும் மாமா! கண்டிப்பாத் தாண்டியிருக்கும்! நீங்க காத்தைப் பாக்கறீங்களா, அக்காவைப் பாக்கறீங்களா?”

மாமா நங்கூரத்தை எடுத்துவிட்டு அவளைக் கூட்டிவரப் போனார். ஐந்நூறு மீட்டர் அன்றைக்கு ஐந்நூறு மைலாக இருந்தது. படகின் பக்கத்தில் போய் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்து உப்பை வழித்துவிட்டுக்கொண்டாள். இயந்திரம் தடதடத்தது. இரண்டு படகும் விலாவோடு விலா உரசிக்கொண்டு திரும்பின. ரேடியோவின் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு அவர் சொன்னார்:

“அலை இல்லை.”

“எப்போ?”

“முதல் காத்துல. அலை தெரியுதுன்னு சொன்னேன்ல. இல்லை. தண்ணி சுத்தமா அடங்கியிருந்துச்சு.”

அவள் கால்பக்கம் தேங்கிய தண்ணீரைக் கையால் அள்ளி வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“தெரியும்” என்றாள்.

“தெரியுமா?”

“அந்தப் பக்கம் அலை அடிச்சா எனக்கு இந்தப் பக்கம் தண்ணி துடிக்கும். துடிக்கல. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“பாத்துட்டு ஏன் போகல?”

“நீங்க சொல்லலியே.”

அவர் இதைவிட நாலு அடி வாங்கியிருக்கலாம். திட்டின் மேல் கடல்பறவைகள் வந்து இறங்கியிருந்தன. அவற்றைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கியதைக் காற்றின் மேல் போட்டுவிடலாம்.

“ரேடியோவை உன் தம்பிகிட்டயே குடுத்துடறேன்” என்றார். “நான் இதுக்கு லாயக்கில்லை. எனக்கு நீ போறதைப் பாக்க முடியல, அதான் உண்மை.”

“அவன்கிட்டயா? அவன் எப்பவும் போன்னுதான் சொல்லுவான். கதவைத் திறந்தாலே போம்பான். அந்தப் போவை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?” அவள் தண்ணீர் அள்ளுவதை நிறுத்தினாள். “இப்போ போனேனே, பாயைக் கடைசி வரைக்கும் இறுக்கிப் பிடிச்சுப் போனேன். என் ஆயுசுல இவ்வளவு வேகமாப் போனதில்லை. ஏன் தெரியுமா? நீங்க போன்னு சொன்னீங்க. பொறு பொறுன்னு சொல்ற ஆள் போன்னு சொன்னா, போகலாம்னுதான் அர்த்தம். நடுவுல ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கல.”

தொடக்க மிதவை வந்துவிட்டது. அவர் இயந்திரத்தை அணைத்தார். காற்றின் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது.

“ஆனா ஒண்ணு” என்றாள். குரலில் இப்போது கோபம் இருந்தது. இத்தனை நேரம் எங்கே வைத்திருந்தாளோ. “பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. பொறுன்னு சொல்லாதீங்க. பொறுன்னா அது தண்ணியைப் பத்தி. பயம்னா அது உங்களைப் பத்தி. ரெண்டையும் ஒண்ணாக் கலந்து குடுத்தா நான் எதை நம்பி உக்கார்றது?”

அவர் தலையை ஆட்டினார். அவள் சொன்னது அத்தனையும் சரி. பாடம் நடத்துகிற காரில், பிரேக்கை எதற்கு மிதித்தேன் என்று ஒவ்வொரு தடவையும் கற்றுக்கொள்கிறவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அவரே வைத்திருந்த சட்டம். சொந்தப் பெண்டாட்டி விஷயத்தில் மறந்து தொலைத்திருந்தார்.

காற்று மறுபடி முறுக்கிக்கொண்டு வந்தது. திட்டுக்கு அப்பால் தண்ணீரின் நிறம் கறுத்தது. அவர் பலகை மேல் ஏறினார். பெருக்கு தொடங்கியிருந்தது, திட்டின் ஓரத்து மணலைக் கடல் நக்க ஆரம்பித்திருந்தது. முதுகு இன்னும் உலர்ந்துதான் இருந்தது. இனி ஒரு தடவை ஓடலாம். அதற்குப் பிறகு கட்டி இழுத்து வருவதற்குள் திட்டு முங்கிவிடும். ரேடியோவில் மச்சான் வாயைத் திறக்கவில்லை. அவன் வாய் மூடியிருந்ததே அவருக்குப் புதுசாக இருந்தது.

அவள் ஹெல்மெட்டை மாட்டி, பட்டையை இறுக்கினாள். முதல் தடவையைப் போலவே அவரைப் பார்த்தாள். வந்த காற்று அந்த முதல் காற்றுக்குக் குறைந்ததில்லை.

“சொல்லுங்க.”

“பயமா இருக்கு” என்றார்.

“சரி. தண்ணி?”

அவர் இன்னொரு தடவை பார்த்தார். பள்ளம் இருந்த இடத்தைப் பார்த்தார். இரண்டு முனைகளையும் பார்த்தார். நிதானமாக, கற்றுக்கொடுக்கிற வாத்தியார் கார்க் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

“தண்ணி சரியா இருக்கு.”

“அப்ப?”

“போ.”

கயிற்றை அவரே அவிழ்த்தார். நனைந்த முடிச்சு கொஞ்சம் படுத்தியது. அவிழ்ந்ததும் அவள் பாயை இழுத்தாள். படகு எழும்பியது. அவர் நின்றுகொண்டே இருந்தார். வலது கால் பலகையை அழுத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. குனிந்து அதைப் பார்த்தார். மெல்லத் தூக்கி, தள்ளி வைத்தார். நிமிர்ந்தபோது அவள் நடு மிதவையைத் தாண்டியிருந்தாள். பிறகு வெள்ளையாய் ஒரு கோடு மட்டும் தண்ணீரில் இருந்தது.

பாய் தளர்ந்தது. படகு உட்கார்ந்தது.

ரேடியோ கரகரத்தது. மச்சான் அழுகிறானா சிரிக்கிறானா என்று புரியவில்லை. “மாமா, தாண்டிடுச்சு மாமா! தாண்டிடுச்சு!” பின்னால் அளவுக்காரர், “முறைப்படி இன்னும் சரிபாக்கணும், ஆனா தாண்டியாச்சு, தாராளமாத் தாண்டியாச்சு” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் கேட்டது.

மாமா ரேடியோவைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் குரலுக்காக நின்றார். திட்டின் தாழ்ந்த முனையில் முதல் அலை ஏறி, உள்ளே வழிந்தது.

“கேக்குதா?” என்றாள் கடைசியில். மூச்சு வாங்கியது அவளுக்கு.

“கேக்குது.”

“எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. வாங்க, வந்து இழுத்துட்டுப் போங்க.”